செல்லியம்மாளின் நல்ல தண்ணீர்

பழவேற்காட்டு ஏரிக்கு நடுவில் ஒரு திட்டு இருந்தது. படுத்துக் கிடக்கிற எருமையின் முதுகு மாதிரி தண்ணீருக்கு மேலே கொஞ்சமாகத் தெரியும். அதன் பேர் கோரைமேட்டுக் குப்பம். அந்தக் குப்பத்தில் ஒரு மனுஷன் நல்ல தண்ணீரில் குளிக்க வேண்டுமென்றால் இரண்டே வழிதான். ஒன்று பிள்ளை பெற வேண்டும், இல்லாவிட்டால் செத்துப் போக வேண்டும். பிள்ளை பெற்றவளுக்கு முதல் முழுக்குக்கு இரண்டு பானை நல்ல தண்ணீர் கொடுப்பது ஊர் வழக்கம். அவளுக்கு இல்லையென்று எந்த வீடும் சொல்லக் கூடாது. செத்தவனுக்குத் தலையில் ஒரு செம்பு. நடுவில் கிடக்கிற ஆயுசு முழுக்க எல்லோருக்கும் ஏரித் தண்ணீர்தான்.

அந்த ஏரித் தண்ணீரின் உப்பைச் சொல்லி மாளாது. முழுகி எழுந்து வெயிலில் நின்றால் உடம்பு பூத்துவிடும். செல்லியம்மாளின் புருஷன் குப்பனுடைய முதுகைச் சுரண்டினால் ஒரு ஜாடி மாங்காய் ஊறுகாய்க்கு ஆகும் என்று குப்பத்தில் பேசிக்கொள்வார்கள். பழவேற்காட்டுச் சந்தையில் ஒரு கிழட்டு மாடு இருந்தது. குப்பன் மீன் கூடையோடு போய் இறங்கினால் போதும், அது எங்கிருந்தாலும் ஓடிவந்து அவன் தோளை நக்கிக்கொண்டே கூட நடக்கும். தன் பெண்டாட்டியைவிட அந்த மாட்டுக்குத்தான் தன்மேல் ஆசை அதிகம் என்று குப்பன் எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தான்.

குடிக்கிற தண்ணீர் ஏரிக்கு அந்தப் பக்கம், கரையோரத் தென்னந்தோப்புக் கிணற்றில் இருந்தது. மழைக்காலத்தில் மட்டும் திட்டிலேயே மணலைத் தோண்டினால் மேலாக ஒரு சாண் நல்ல தண்ணீர் ஊறும். மழை நின்றால் அதுவும் உப்பு. மற்ற நாளெல்லாம் தோணியில் பானையை ஏற்றி, கழி ஊன்றியோ, காற்றிருந்தால் பாய் விரித்தோ போய், மொண்டுகொண்டு வரவேண்டும். மற்ற வீடுகளில் அடுப்படியில் ஒரு பானை இருக்கும், கூட ஒரு குடம் இருக்கும். அது தீர்ந்தால் தோணியை எடுப்பார்கள்.

செல்லியம்மாள் வீட்டில் எங்கே காலை வைத்தாலும் பானைதான். ஒவ்வொன்றையும் கழுத்துவரை மணலில் புதைத்து, வாயை மட்டும் வெளியே விட்டிருப்பாள். தரையிலிருந்து ஊர் ஜனம் மொத்தமும் தலையை நீட்டிப் பார்க்கிற மாதிரி இருக்கும். விருந்தாளி வந்தால் உட்கார இடமிருக்காது. காலைத் தலைமேல் வைத்துக்கொள்ளத் தெரிந்தவர்கள் மட்டும் என் வீட்டுக்கு வரலாம் என்பான் குப்பன். பழவேற்காட்டுக் குயவனோ ஏரியில் அவள் தோணி தெரிந்தாலே சக்கரத்தைச் சுற்ற ஆரம்பித்துவிடுவானாம். அவளால்தான் அவன் வீட்டுக்கு ஓடு போட்டான் என்று பேச்சு.

பானை வாயை மூடுவதிலும் அவளுக்கு ஒரு வழி இருந்தது. தோணிப் பலகை இடுக்குகளில் தண்ணீர் புகாமலிருக்கக் குங்கிலியத்தையும் எண்ணெயையும் காய்ச்சிப் பூசுவார்கள். குப்பன் தோணிக்கென்று வாங்கி வரும் குங்கிலியத்தில் முக்கால் பங்கு பானை மூடிகளுக்குப் போய்விடும். மூடியைச் சுற்றிச் சூடாக வார்த்து, விரலால் தடவி, காய்ந்ததும் காதை வைத்துக் கேட்பாள். என்ன கேட்பாளோ, யாருக்கும் தெரியாது. அவள் மூடின பானைக்குள் எறும்பு என்ன, எமன்கூட நுழைய முடியாது. குப்பனின் தோணி மட்டும் சல்லடை மாதிரி ஒழுகும். ஒரு கையால் கழி ஊன்றி மறு கையால் தண்ணீர் இறைத்துக்கொண்டு போகிறவன் இந்த ஏரியிலேயே தான் ஒருவன்தான் என்று அவன் பெருமையடித்துக்கொள்வான்.

புதைத்து வைத்த தண்ணீரும் நாளானால் வாடை வந்துவிடும். அதனால் எது பழசோ அதைத்தான் முதலில் திறப்பாள். திறந்ததைத் தீர்த்துவிட்டுப் புதுத் தண்ணீர் நிரப்பி மூடுவாள். அரிசிக்கும் அதே சட்டம். மேலே புது அரிசி மணக்கும், அடியிலிருக்கும் புழுத்த அரிசிதான் உலைக்குப் போகும். அது தீருவதற்குள் மேலே இருந்ததும் புழுத்திருக்கும். அந்த வீட்டில் ஒருவரும் அன்றைக்கு வந்த தண்ணீரை அன்றைக்குக் குடித்ததில்லை, அந்த வருஷத்து அரிசியை அந்த வருஷம் தின்றதில்லை. கருவாட்டுக் கூடை, புளி, உப்பு எல்லாம் பரணில் இருந்தன. தீப்பெட்டிகளைக் கண்ணாடிப் புட்டிக்குள் போட்டு, அதன் வாய்க்கும் குங்கிலியம் பூசிவைத்திருந்தாள். அவசரத்துக்கு ஒரு குச்சி வேண்டுமென்றால் அதை உடைப்பதற்குள் அவசரம் தீர்ந்துவிடும்.

குப்பத்தில் அவளுக்குத் தண்ணி கலெக்டர் என்று பேர் வைத்தார்கள். முகத்துக்கு நேராகவே கூப்பிடுவார்கள். அவள் கோபித்துக்கொண்டதில்லை. கலெக்டர் வீட்டுக்குள் வராதே, பானையை மிதிப்பாய் என்று மட்டும் சொல்வாள்.

நடுவில் அரிசி கிடைக்காத வருஷம் ஒன்று வந்தது. பொன்னேரியில் அரிசிக் கடை வாசலில் நின்ற வரிசையின் வால் கும்மிடிப்பூண்டியில் இருந்தது என்று போய்வந்தவர்கள் சொன்னார்கள். காலையில் வரிசையில் நின்ற பையன் மீசையோடு வீடு திரும்பினான் என்றும் சொன்னார்கள். கிருஷ்ணாயிலும் கிடைக்கவில்லை. அப்போது கலெக்டர் என்று கேலி பண்ணின வாயெல்லாம் முறத்தை எடுத்துக்கொண்டு அவள் வாசலுக்கு வந்தன. புழுத்த அரிசியை அளந்து போட்டாள். ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. வயிறு நிறைந்ததும் மறுபடி கேலி தொடங்கியது.

பிறக்கும்போதே அவள் இப்படி இருந்தவளில்லை. கல்யாணமாகி வந்த புதிதில் குப்பத்திலேயே அலட்சியக்காரி அவள்தான். பானையில் பாதி தண்ணீர் இருந்தாலே போதுமென்று இருப்பாள். சுற்றிலும் தண்ணீரை வைத்துக்கொண்டு தண்ணீருக்குக் கவலைப்படுகிறீர்களே என்று மற்றவர்களைப் பார்த்துச் சிரிப்பாள். அறுபதுகளின் ஆரம்பத்தில் ஒரு ஐப்பசியில் காற்றுமழை வந்தபோதும் அவள் வீட்டில் அரைப் பானைதான் இருந்தது.

அப்போது கோபாலுக்கு நடை பழகின வயசு. அவளுடைய தலைச்சன் பிள்ளை. காற்று கூரையைப் பிய்த்துக்கொண்டு போனதும் குப்பன் மூன்று பேரையும் ஒரே கயிற்றால் பனைமரத்தோடு சேர்த்துக் கட்டினான். மழை கொட்டுகொட்டென்று கொட்டியது. வானம் முழுக்க நல்ல தண்ணீர்தான். ஆனால் மரத்தைக் கட்டிக்கொண்டிருக்கிறவன் எந்தக் கையால் பானை பிடிப்பான்? பிடிக்கப் பானையும் இல்லை. ஏரி எழும்பித் திட்டின்மேல் ஏறிப் போனது. ஊற்றுக்குழியெல்லாம் உப்பானது. தோணிகளில் பாதி உடைந்து போனது, மீதி போன இடம் தெரியவில்லை. மழை விட்டது. பிறகு அடித்தது பார், ஒரு வெயில். சித்திரை மாசத்து வெயிலெல்லாம் கடன் வாங்கிக்கொண்டு வந்து அடித்த மாதிரி அடித்தது.

பையன் தண்ணி என்று கேட்டான். அவனுக்கு வந்திருந்த நாலைந்து வார்த்தையில் அது ஒன்று. ஈரப் புடவையைப் பிழிந்து வாயில் விட்டாள். உப்பு. தன் எச்சிலை விட்டாள். அவளுக்கே வாயில் எச்சில் இல்லை. கடைசியில் பொறுக்க மாட்டாமல் ஏரித் தண்ணீரையே விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். அதற்கப்புறம் அவன் இன்னும் அதிகமாகக் கேட்டான். பிறகு கேட்கவில்லை.

பழவேற்காட்டிலிருந்து தோணி வந்தபோது அதில் நல்ல தண்ணீர் இருந்தது. தோணிக்காரர் முதல் செம்பை அவளிடம்தான் நீட்டினார். அவளுடைய உதடு வெடித்து ரத்தம் கட்டியிருந்தது. வாங்கினாள். குடிக்கவில்லை. மடியில் கிடந்த பையனின் தலையில் மெதுவாக, சிந்தாமல், முழுக்க ஊற்றினாள். ஊர் வழக்கப்படி அவனுக்குச் சேரவேண்டிய செம்பு அது.

அதற்கப்புறம்தான் பானைகள்.

சில வருஷம் கழித்துக் கங்கம்மா பிறந்தாள். இவளுக்குத் தொண்டை காயக் கூடாது. செல்லியம்மாளின் உலகத்தில் மிச்சமிருந்த வேண்டுதல் அது ஒன்றுதான். சாமிக்கும் அதைத் தவிர வேறெதுவும் சொல்லமாட்டாள். வீட்டில் ஒரு சட்டம் வந்தது. விளக்கு வைக்கிற நேரத்தில் ஒரு பானையும் காலியாக இருக்கக் கூடாது. எந்தப் பானை காலியானாலும் அன்று பொழுது சாய்வதற்குள் குப்பன் தோணியை எடுக்க வேண்டும். அவன் பாதி நாள் மீன் பிடித்தான், பாதி நாள் தண்ணீர் பிடித்தான். வெளியே உட்கார்ந்து நாலு பேரிடம் அவளை வாய் வலிக்கக் கேலி பண்ணுவான். வீட்டுக்குள் வந்து ஒருநாளும் முடியாது என்றதில்லை. கோபாலின் பேரை இரண்டு பேரும் எடுப்பதில்லை. அந்தப் பேருக்குப் பதிலாகத்தான் அவள் பானை வாங்கினாள், அவன் தண்ணீர் கொண்டுவந்தான்.

ஒரே ஒரு ஆசை அவனுக்கு இருந்தது. அதை ஒரு கோடையில் வாய்விட்டே கேட்டான். உடம்பெல்லாம் உப்பு பூத்து, இடுப்பில் வேட்டிக் கட்டு அறுத்துப் புண்ணாகி வந்து நின்றான்.

"இன்னாமே செல்லி, இம்மாம் தண்ணிய பொதச்சி வச்சிக்கினு கீறியே, ஒரே ஒரு பானைய ஒடச்சி எந்தலைல ஊத்தேன். ஒருவாட்டி நல்ல தண்ணில குளிச்சிப் பாத்துடறேன்."

"ஆசயப் பாரு. நீ இன்னா புள்ளயா பெத்துக்கினு வந்து கீற?"

"அது என்னால ஆவாது. அப்போ இன்னொரு வழிதான் கீது எனுக்கு."

கையிலிருந்த அகப்பையாலேயே அவன் முதுகில் ஒன்று வைத்தாள். வாயைக் கழுவு என்றாள். உப்புதானே, உப்பிலேயே கழுவுகிறேன் என்று சிரித்துக்கொண்டே ஏரிக்குப் போனான். கங்கம்மாவும் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கு அன்றைக்கு ஒரு குறையுமில்லை.

எழுபதுகள் பாதிக்கு மேல் போய்விட்டன. கங்கம்மா பாவாடை தாவணிக்கு வந்துவிட்டாள். ஒரு வருஷம் ஐப்பசி பிறந்தும் மழை இல்லை. ஊற்றுக்குழி உப்பாகவே கிடந்தது. அந்தச் சமயம் பக்கத்து வீட்டு முத்தம்மாளின் மருமகளுக்குப் பிரசவமாயிற்று. முத்தம்மாள் வந்து வாசலில் நின்றாள். கையை நீட்டியும் கேட்கவில்லை, வாயாலும் கேட்கவில்லை. பிள்ளை பிறந்த வீட்டுக்காரி வந்து நின்றாலே போதும், அதுதான் கேட்பது. செல்லியம்மாள் விளக்கெண்ணெய் குடித்தவள் முகத்தோடு இரண்டு பானைகளின் மூடியை உடைத்துக் கொடுத்தாள். மருமகள் முழுகினாள். அன்று குப்பன் வலைக்குப் போனவன் பொழுது சாய்ந்துதான் வந்தான். இரண்டு பானையும் காலியாகவே கிடந்தன. வருஷக்கணக்கில் முதல் தடவையாக அந்தச் சட்டம் உடைந்தது. அவள் சோறு தின்னவில்லை.

மறுநாள் விடிந்தபோது ஏரி எண்ணெய் தடவின மாதிரி வழவழவென்று கிடந்தது. ஒரு இலை அசையவில்லை. கொக்கு, நாரை எல்லாம் கரைப்பக்கமாகப் பறந்து போய்க்கொண்டிருந்தன. கிழக்கே வானம் அழுகின மாம்பழ நிறத்தில் இருந்தது. குப்பத்தில் வயசில் மூத்தவர் அருணகிரி. அவர் தன் தோணியை மேட்டுக்கு இழுத்துப் போட்டுக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்து மற்றவர்களும் இழுக்க ஆரம்பித்தார்கள். ஏரியில் பிழைக்கிறவனுக்கு இதைவிடத் தெளிவாகச் சொல்ல வானத்துக்கு வாய் வேண்டியதில்லை.

குப்பனும் தோணியை இழுக்கத்தான் போனான். செல்லியம்மாள் இரண்டு காலிப் பானைகளைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தாள்.

"இன்னாமே இது, வானத்தப் பாத்தியா? காத்து வந்துட்டுப் போவட்டும், போறேன்."

"வானத்தப் பாத்துட்டுத்தான் சொல்றேன். அது வந்துச்சின்னா அப்பறம் எப்பய்யா போவே? ரெண்டும் காலியா கீது."

"மீதி அத்தினியும் ரொம்பித்தானே கீது. ஊரே குடிச்சிட்டு வாய் கொப்புளிக்கலாம்."

"பச்சப் புள்ளக்காரி ஒர்த்தி கீறா இப்போ. அவளுக்கும் குடுக்கணும். நாள் கூடிப் போச்சின்னா இன்னா பண்றது? கங்காக்குத் தொண்ட..."

குப்பன் பானைகளை வாங்கித் தோணியில் வைத்தான். மூடிகளையும், ஒரு சட்டியில் குங்கிலியத்தையும் அவளே எடுத்து வைத்தாள். வரும் வழியில் ஏரித் தண்ணீர் தெறித்துவிடக் கூடாது, கிணற்றடியிலேயே காய்ச்சிப் பூசி மூடிவிடு என்றாள். தோணியின் அடியில் அப்போதே கணுக்கால் தண்ணீர் ஊறியிருந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள். எப்போதும் பார்க்கிறதுதான்.

கழியை ஊன்றித் தள்ளும்போது அவனுக்குப் பழைய குறும்பு வந்துவிட்டது.

"கொண்டாந்தா ஒரு செம்பு எந்தலைல ஊத்தணும். ஒப்புக்கினாதான் போவேன்."

"மொதல்ல வந்து சேரு. ஊத்தறேன்."

அவ்வளவு சுலபமாக அவள் ஒப்புக்கொள்வாள் என்று அவனே எதிர்பார்க்கவில்லை. கரையில் நின்றவர்களைப் பார்த்து, கேட்டுக்கொள்ளுங்கள், நீங்களெல்லாம் சாட்சி என்று கத்திக்கொண்டே போனான்.

உச்சி தாண்டினதும் வாடைக்காற்று பிடித்தது. முதலில் கோரையைச் சாய்த்தது, பிறகு வேலியைப் பிடுங்கியது, பிறகு ஏரியையே தூக்கி நிறுத்தியது. செல்லியம்மாள் கரையில் நின்று தோப்புப் பக்கம் பார்த்தாள். தோப்பே தெரியவில்லை. அவன் கிணற்றடியிலேயே தங்கியிருப்பான், அவன் என்ன பைத்தியமா என்று அருணகிரி சொன்னார். அவளும் அதையே தனக்குச் சொல்லிக்கொண்டாள். கங்கம்மா வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும்வரை சொல்லிக்கொண்டே நின்றாள்.

திட்டின் முதுகில் உயரமான இடம் அவள் வீடு இருந்த இடம்தான். கூரைமேல் பழைய வலைகளைப் போர்த்தி, நாலு பக்கமும் கல்லைக் கட்டித் தொங்கவிட்டிருந்தாள். அந்தக் கூரை மட்டும் பறக்கவில்லை. குப்பமே அங்கே வந்து சேர்ந்தது. உட்கார இடமில்லை என்று கேலி பண்ணின வீட்டில் அத்தனை பேரும் பானை வாய்களுக்கு நடுவே ஒருவர்மேல் ஒருவர் உட்கார்ந்திருந்தார்கள். வாசல்வரை ஏரி வந்து, உள்ளேயும் கொஞ்சம் எட்டிப் பார்த்துவிட்டுப் போயிற்று. புதைத்த பானைகள் அசையவில்லை.

காற்று நின்றதும் முன்பு மாதிரியே வெயில் வந்தது. முன்பு மாதிரியே ஊற்றெல்லாம் உப்பு, தோணியெல்லாம் பிளந்து கிடந்தது. ஆனால் இந்தத் தடவை செல்லியம்மாள் அம்மிக்குழவியை எடுத்து ஒவ்வொரு மூடியாகத் தட்டி உடைத்தாள். முதல் கொட்டாங்கச்சித் தண்ணீர் பிள்ளை பெற்றவளுக்கு. அப்புறம் பிள்ளைகள், அப்புறம் மற்றவர்கள். ஊரே வரிசையில் நின்றது. ஒருவரும் அவளைக் கலெக்டர் என்று கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது. கேலி பண்ணினால் பழைய நாள் மாதிரி இருந்திருக்கும், அவனும் எங்கேயோ பக்கத்தில் இருக்கிறான் என்று தோன்றியிருக்கும்.

தண்ணீர் வார்க்கிற கை வார்த்துக்கொண்டே இருந்தது. கண் ஏரியில் இருந்தது. அப்படியும் ஒரு சொட்டு கீழே சிந்தவில்லை. கோரைமேட்டில் அந்தத் தடவை ஒரு பிள்ளைக்கும் தொண்டை காயவில்லை. கங்கம்மா நன்றாக இருந்தாள். அத்தனை பேர் குடித்தும் முழுசாக மூடின பானைகள் இன்னும் தரையில் இருந்தன. போதாமல் போகுமோ என்று அவனை அனுப்பினாளே, அது போதும் போதுமென்று மிஞ்சி நின்றது. அந்த மிச்சத்தை அவளால் பார்க்க முடியவில்லை. ஒரு கோணியை எடுத்து மேலே போட்டாள்.

அருணகிரி தன் தோணியை எப்படியோ தட்டி ஒட்டி நீரில் இறக்கினார். தோப்புப் பக்கம் போகிறேன் என்றுதான் இரண்டு ஆட்களோடு புறப்பட்டார். தோப்புவரை போகவேண்டியிருக்கவில்லை. பாதி வழியில், கோரைப் புதருக்குள் குப்பனின் தோணி சொருகி நின்றிருந்தது. விளிம்புவரை ஏரித் தண்ணீர். பாய்மரம் முறிந்து குறுக்கே கிடந்தது. குப்பன் இடுப்பில் கயிறு கட்டி, அதைத் தோணியோடு கட்டியிருந்தான். மரம் தலையில் அடித்திருந்தது. ஒரு பானை உடைந்து ஓடாகக் கிடந்தது. இன்னொன்றை இரண்டு காலுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டிருந்தான். மூடி மூடினபடி இருந்தது. பூசின குங்கிலியத்தில் அவன் விரல் தடம் பதிந்திருந்தது.

தோணியோடு சேர்த்து அப்படியே இழுத்துக்கொண்டு வந்தார்கள். கரை சேர்ந்ததும் அருணகிரிக்குத் தாங்கவில்லை. நாற்பது வருஷம் ஏரியில் கிடந்த மனுஷன், தன்னை மறந்து சொல்லிவிட்டார்.

"கனத்தத் தூக்கிப் போட்டிருந்தா மெதந்து வந்திருப்பானே. சின்னப் பையனுக்குக்கூடத் தெரியுமே இது. ஏன் வச்சிக்கினே குப்பா, ஏன்டா வச்சிக்கினே?"

சொன்ன பிறகுதான் செல்லியம்மாள் நிற்பதைப் பார்த்தார். வாயைப் பொத்திக்கொண்டார். அவள் தோணியருகே உட்கார்ந்து பலகை இடுக்கை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை விரலால் தடவிக்கொண்டே போனாள். குங்கிலியம் இருக்கவேண்டிய இடத்தில் விரல் உள்ளே போயிற்று. அதை வேறு யாரும் சொல்லவில்லை. அவளும் சாகும்வரை யாரிடமும் சொல்லவில்லை. முத்தம்மாள் வந்து தோளைப் பிடித்தபோது ஒன்று மட்டும் சொன்னாள்.

"தூக்கிப் போட்டுட்டு வெறுங்கையோட வந்தா நான் ஏசுவேன்னு பயந்துகினு கீறான் முத்தம்மா. நான் ஏசியிருப்பேன்தானே?"

முத்தம்மாள் அவளை மெல்லத் தூக்கி நிறுத்தினாள்.

குளிப்பாட்டுகிற நேரம் வந்தது. பெண்கள் ஏரித் தண்ணீரை மொண்டு வைத்துவிட்டு, கடைசியில் தலையில் ஊற்ற ஒரு செம்பு நல்ல தண்ணீருக்காக அவள் முகத்தைப் பார்த்தார்கள். அவள் ஏரித் தண்ணீர்க் குடங்களையெல்லாம் காலால் தள்ளிவிட்டாள். அவன் கொண்டுவந்த பானையைத் தூக்கிவரச் சொன்னாள். அம்மிக்குழவியால் மூடியை அவளே தட்டினாள். விரல் தடம் இருந்த பக்கத்தை விட்டுவிட்டு, மறுபக்கம் தட்டினாள்.

செம்பு செம்பாக ஊற்றினாள். தலையில் ஊற்றினாள், தோளில் ஊற்றினாள். அந்த மாடு நக்கின தோள். முதுகைத் திருப்பச் சொல்லித் தேய்த்து ஊற்றினாள். வேட்டிக் கட்டு அறுத்த இடுப்புப் புண்ணில் கையால் ஏந்தி ஏந்தி விட்டாள். கூட்டத்தில் யாரோ முணுமுணுத்தார்கள். இன்னும் பழவேற்காட்டிலிருந்து தோணி வரவில்லை, உயிரோடு இருக்கிறவர்கள் கொட்டாங்கச்சியில் அளந்து குடிக்கிறார்கள், போனவனுக்கு ஒரு பானை முழுக்கவா என்றார்கள். முத்தம்மாள் திரும்பிப் பார்த்தாள்.

"அவன் கொண்டாந்த தண்ணி. அவன் ஊத்திக்கறான். ஒனக்கு இன்னா?"

அதற்கப்புறம் தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. பானை காலியாகும்வரை ஊற்றினாள். உப்பெல்லாம் போய்விட்டது. பார்க்கக் கல்யாண மாப்பிள்ளை மாதிரி பளபளவென்று இருந்தான். இதை அவன் பார்த்திருந்தால் அந்தச் சந்தை மாடு இனிமேல் தன்னைத் திரும்பிக்கூடப் பார்க்காதே என்று கவலைப்பட்டிருப்பான். வீட்டுக்குள் கோணிக்கு அடியிலிருந்த பானைகளில் ஒன்றைக்கூட அவள் அவனுக்காகத் தொடவில்லை. அது கங்கம்மாவுக்கும் அந்தப் பச்சைக் குழந்தைக்கும் உரியது. அழுதுகொண்டே இருந்தாலும் அந்தக் கணக்கு அவளுக்குத் தவறவில்லை. அதற்கு அடுத்த நாள்தான் கரையிலிருந்து தோணி வந்தது.

அதற்குப் பின்னும் அவள் பானை வைத்துக்கொண்டுதான் இருந்தாள். யாராவது ஒரு வீட்டார் முறை வைத்துத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார்கள். குப்பத்தில் மற்ற வீடுகளிலும் தரையில் பானை முளைத்தது. ஆனால் விளக்கு வைக்கிற சட்டத்தை அவள் விட்டுவிட்டாள். ஒரு பானை எப்போதும் காலியாகவே கிடக்கும். யாராவது நிரப்பப் போனால், வேண்டாம், பொழுதாகிவிட்டது, போ என்பாள். காலையாக இருந்தாலும் அப்படித்தான் சொல்வாள்.

சில வருஷம் கழித்துக் கங்கம்மாவைத் திருநின்றவூரில் கட்டிக்கொடுத்தார்கள். மாப்பிள்ளை தணிகாசலம் தினமும் ரயிலேறி மெட்ராசுக்கு வேலைக்குப் போய்வருகிறவன். மாப்பிள்ளை எப்படி என்று செல்லியம்மாள் அதிகம் விசாரிக்கவில்லை. கிணறு எப்படி என்று கேட்டாள். வீட்டுக்குப் பின்னாலேயே இருக்கிறது, ராட்டினம் போட்டிருக்கிறது, கற்கண்டு மாதிரி தண்ணீர் என்றார்கள். சரி என்றுவிட்டாள்.

ஒரு தடவை மகள் வீட்டுக்குப் போயிருந்தாள். காலையில் சமையல்கட்டில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பின்பக்கம் மாப்பிள்ளை குளிக்கிற சத்தம் கேட்டது. ராட்டினம் கிறீச்சிடும், வாளி ஏறும், தலையில் சளாரென்று விழும். மறுபடி ராட்டினம், மறுபடி சளார். நிற்கிற வழியாக இல்லை. ஐராவதம் குளித்தாலும் இத்தனை தண்ணீர் ஆகாது. செல்லியம்மாளின் கையில் கீரை அப்படியே நின்றது.

கங்கம்மா அடுப்பிலிருந்து எழுந்தாள். தாயிடம் வளர்ந்த பெண், அவளுக்கு அந்தச் சத்தம் ஆகாது. தினமும் நடக்கிற சண்டைதான் போலிருக்கிறது. கதவருகே போய் நின்று வாயைத் திறந்தாள். தண்ணீர் என்ன வானத்திலிருந்தா வருகிறது, இத்தனை வாளி எதற்கு என்று கேட்கப் போனாள்.

செல்லியம்மாள் எட்டி அவள் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம்மா. ஏசாத."

"பின்ன என்னாம்மா, கெணத்தையே காலி பண்ணிக்கினு கீறாரு. நீதானே சொல்லிக் குடுத்தே?"

"நான்தான் சொன்னேன். இப்பவும் நான்தான் சொல்றேன். ஊத்திக்கட்டும் வுடு."

கங்கம்மா திரும்பித் தாயின் முகத்தைப் பார்த்தாள். பிறகு வந்து பக்கத்தில் உட்கார்ந்து, கீரையில் பாதியை எடுத்துக்கொண்டாள். வெளியே ராட்டினம் கிறீச்சிட்டது. வாளி ஏறியது. இரண்டு பேரும் கேட்டுக்கொண்டே ஆய்ந்தார்கள்.